நீல அம்பு முட்டுக்காடு வந்த வழி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற கார் முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் டாஷ்போர்டு திரையின் நிறம் மாறும். அதுவரை ரிசார்ட்டுகளும் சந்துகளுமாக நெருக்கியடித்த வரைபடத்தின் இரண்டு பக்கமும் நீலம் பரவும். வலப்பக்கம் போட் ஹவுஸ் இருக்கும் உப்பங்கழி. இடப்பக்கம் கோவளம் முகத்துவாரம், அதற்கு அப்பால் கடல். நடுவில் சாலை ஒரு மெல்லிய கோடு, அதன் மேல் நீல அம்பு. அம்பு திரையில் ஒரே இடத்தில் நிற்கிறது. பாலமும் கழியும் கடலும்தான் அதற்குக் கீழே பின்னோக்கிப் போகின்றன. இந்த அம்பு இங்கே வந்து சேர இரண்டு நூற்றாண்டு ஆனது. அதில் முதல் அடி எடுத்து வைத்தது நம் ஊர்ப் பக்கம்தான் என்பதைக் காருக்குள் யாரும் பேசிக்கொள்வதில்லை.

1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும் சுமார் 12 கிலோமீட்டர். அளந்தது நூறடி எஃகுச் சங்கிலியால். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாம் என்று திரும்பிய சங்கிலி அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சூட்டுக்கு எவ்வளவு நீண்டதோ அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய இரண்டு மாத வேலை. அந்த ஒரு கோட்டின் மேல்தான் இந்தியா முழுமைக்குமான முக்கோண அளவைப் பணி எழுந்தது. 1808-ல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்ததும், லாம்டனே உட்கார்ந்து அதைச் சரிசெய்ததும் தனிக் கதை. இன்றைக்கு அந்தப் பெரும்பாக்கத்தைச் சுற்றி அடுக்குமாடிகள். அங்கே குடியிருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையைத் தட்டி முட்டுக்காட்டுக்கு வழி கேட்கிறார்கள்.

லாம்டன் காலத்தில் இந்தக் கரையோரம் சாலை என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் வந்தபிறகு மாமல்லபுரம் பார்க்கப் போன வெள்ளைக்காரர்கள் படகில் ஏறிப் படுத்துவிடுவார்கள். இழுக்கிறவர்கள் இழுக்க, விடிகிறபோது ஊர் வந்திருக்கும். வழி தெரிய வேண்டியது படகுக்காரருக்குத்தான். கால்வாயில் திரும்ப வேண்டிய இடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆகவே வழிகாட்டி தேவைப்படவில்லை. கார் வந்து, சாலைகள் பின்னிக்கொண்ட பிறகுதான் அந்தத் தேவை பிறந்தது.

காருக்குள் வழிகாட்டியைப் பொருத்திப் பார்த்தவர்களில் முந்திக்கொண்டது ஹோண்டா. 1981-ல் ஜப்பானில் விற்ற கருவி அது. ஹீலியம் வாயுவை வைத்து வண்டி திரும்புவதை உணரும் ஒரு கைரோஸ்கோப். அதன் முன்னால் ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வரைபடம். வண்டி போகப்போக ஒரு வெளிச்சப் புள்ளி தாளுக்குப் பின்னால் நகரும். தாள் முடிந்தால் அடுத்த தாளை நாமே செருக வேண்டும். செயற்கைக்கோளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான்கு ஆண்டு கழித்து, 1985-ல், அதாவது முட்டுக்காட்டில் போட் ஹவுஸ் திறந்த மறு வருஷம், கலிஃபோர்னியாவில் ஈடாக் என்ற கருவி வந்தது. உருவாக்கிய ஸ்டான் ஹனி பாய்மரப் படகுப் பந்தயங்களில் வழி கணிக்கும் ஆள். பசிபிக் தீவுக்காரர்கள் கடலில் வழி கணிக்கும்போது தங்கள் படகு அசையாமல் நிற்பதாகவும், தீவுகளே தங்களைக் கடந்து போவதாகவும் மனதில் வைத்துக்கொள்வார்கள். அந்த முறையின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார், அதே முறையில்தான் திரையையும் அமைத்தார். அம்பு நிற்கும், ஊர் நகரும், போகிற திசை எப்போதும் மேலே. இன்றைக்கும் எந்தக் காரில் ஏறினாலும் இதுதான். செட்டிங்ஸில் போய் 'வடக்கு மேலே' என்று மாற்றிக்கொள்ளலாம்; கோவளத்துக் கட்டுமரக்காரர் ஒருவர் அப்படி மாற்றிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஈடாக்குக்கு வரைபடம் கேசட்டில் வரும். பாட்டு கேசட் மாதிரியே, நகரத்தின் ஒரு பகுதி முடிந்ததும் வேறு கேசட் போட வேண்டும். ஆனால் அதனுள்ளே இருந்த ஒரு யோசனை இன்றும் சாகவில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது, திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கருவி கணக்கு வைக்கும். கணக்கில் சிறுசிறு பிழை சேரும். வண்டி ஒரு வளைவில் திரும்பினால், 'இந்த வளைவு வரைபடத்தில் எங்கே இருக்கிறது' என்று தேடி, அம்பை எடுத்து அந்தச் சாலை மேல் வைத்துவிடும். காரோடு வந்த வழிகாட்டிக்கும் கைப்பேசி வழிகாட்டிக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். மேம்பாலத்தின் அடியிலோ சுரங்கப் பாதையிலோ சிக்னல் போனாலும் காரின் சொந்த அமைப்பு சக்கரத்தின் சுற்றை எண்ணிக்கொண்டே அம்பை நகர்த்தும். வெறும் கைப்பேசி அந்த இடத்தில் தடுமாறும்.

செயற்கைக்கோளைக் காருக்குள்ளேயே கேட்கும் அமைப்போடு வந்த முதல் கார் 1990-ன் மாஸ்டா யூனோஸ் காஸ்மோ. அமெரிக்க ராணுவம் தனக்காக அமைத்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் நேரம் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று பார்த்தால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிடும். ஆனால் பொதுமக்களுக்குப் போகும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை விலகும். முட்டுக்காட்டில் நூறு மீட்டர் என்றால் என்ன? அம்பு கழிக்குள் இறங்கியிருக்கும், இல்லையென்றால் மணலில் கிடக்கும். 2000 மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்க அதிபர் கிளிண்டன் உத்தரவின் பேரில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகமெங்கும் அம்புகள் சாலைக்குத் திரும்பின.

கிழக்குக் கடற்கரைச் சாலை முழுசாகச் சேர்ந்து பெரிய சாலையானதும் ஏறக்குறைய அதே காலம்தான். 2002-ல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். சாலை வந்துவிட்டது, சிக்னலும் துல்லியமாகிவிட்டது. இல்லாமல் இருந்தது வரைபடம். ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதி 1995-ல் டெல்லியில் தொடங்கிய, இன்று மேப்மைஇந்தியா என்று அறியப்படும் நிறுவனம் ஆட்களை அனுப்பித் தெருத்தெருவாக வரைந்தது. வெளிநாட்டில் நன்றாக ஓடும் அமைப்பை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது என்பது கார் கம்பெனிகளுக்கு அப்போதுதான் புரிந்தது. நம் முகவரியே வேறு விதம். முட்டுக்காட்டில் இருக்கும் நிறுவனங்களின் தபால் முகவரியில் கோவளம் அஞ்சல், சென்னை என்று இருக்கும். 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம். அதன்பிறகு செங்கல்பட்டு மாவட்டம். ஆகக் கூடி ஒரே இடத்துக்கு மூன்று நகரத்தின் பெயர்.

இதைவிடப் பெரிய கண்ணி கோவளம். திரையில் ஆங்கிலத்தில் கோவளம் என்று தட்டி, பட்டியலில் முதலில் வருவதைப் பார்க்காமல் தொட்டால், அம்பு உங்களைத் திருவனந்தபுரத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகப் பார்க்கும். கன்னியாகுமரி பக்கமும் ஒரு கோவளம் இருக்கிறது. எழுநூறு சொச்சம் கிலோமீட்டர் என்று காட்டும்போது சிரித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த எண் திரையின் ஓரத்தில் சின்னதாகத்தான் இருக்கும், திருவான்மியூர் சிக்னலில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். ஊர்ப் பெயரைத் தட்டாமல் தட்சிணசித்ரா என்றோ போட் ஹவுஸ் என்றோ ஒரு இடத்தின் பெயரைத் தட்டுவது நல்லது. அதையும் வண்டி கிளம்புவதற்கு முன்னால், வீட்டு வாசலிலேயே.

இதுவரை சொன்னது அம்பின் அப்பா வழி. திரைக்கு அம்மா வழியும் உண்டு, அது ரேடியோவின் வம்சம். 1930-களில் காருக்குள் ஏறிய ரேடியோவுக்கு இரண்டு குமிழ் இருந்தால் போதும். கை தானாகப் போய்த் திருகும். கண்ணுக்கு வேலை இல்லை. 1986-ல் அமெரிக்காவின் பியூயிக் ரிவியேரா காரில் ரேடியோ, ஏ.சி., எல்லாவற்றையும் ஒரு தொடுதிரைக்குள் அடைத்தார்கள். பழைய டி.வி. மாதிரி கண்ணாடிக் குழாய்த் திரை. ஓட்டுகிறவர்கள் 'சாலையைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா' என்று குறைப்பட, சில ஆண்டுகளில் கம்பெனி அதைக் கைவிட்டது. 2001-ல் பி.எம்.டபிள்யூ வேறு வழி பார்த்தது. திரையை எட்டத்தில் வைத்து, கைக்கருகே ஒரே ஒரு குமிழைக் கொடுத்தது. அப்போது அதைத் திட்டாத பத்திரிகை இல்லை. பட்டியலுக்குள் பட்டியலாக எங்கேயோ போய்ச் சிக்கிக்கொள்கிறது என்றார்கள். 2007-ல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்தக் கம்பெனி ஆலை தொடங்கியதும், அந்தக் குமிழ் செங்கல்பட்டுக்காரர்களின் கையால் பொருத்தப்படலாயிற்று.

இந்த மாவட்டத்தில் பிறந்த திரைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, அது ரொம்பச் சின்னது. 2013-ல் மறைமலைநகரில் செய்து ஃபோர்டு விற்ற ஈகோஸ்போர்ட்டின் திரை. வரைபடம் கிடையாது. அதைச் சுற்றி பொத்தான்கள் வேண்டிய மட்டும் இருந்தன, பார்க்க அழகில்லை. ஆனால் விபத்தில் காற்றுப்பை விரிந்துவிட்டால், காரோடு இணைத்த கைப்பேசியைக் கொண்டு அதுவே 108-ஐ அழைத்து, இடத்தைச் சொல்லும். நம் ஊர் ஆம்புலன்ஸ் எண்ணைத் தெரிந்துவைத்திருந்த கார் அது. அந்த ஆலை கார் செய்வதை 2022-ல் நிறுத்திக்கொண்டது.

பிறகு திரைகள் வளர்ந்தன. 2019-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூ தனக்கென்று ஒரு சிம்மோடு வந்தது. கார் தானே இணையத்தில் இருந்தது. 2024 நவம்பர் 26-ல் சென்னையில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய எக்ஸ்.இ.வி. 9இ மின்காரில் 12.3 அங்குலத் திரைகள் மூன்று, டாஷ்போர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அதன் ஒலிகளை ஏ.ஆர். ரகுமான் அமைத்தார். இந்தக் கார் உருவானது மஹிந்திரா ரிசர்ச் வேலியில். முட்டுக்காட்டிலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போய் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பினால் வந்துவிடும் இடம். லாம்டனின் கோடும் இந்தத் திரையும் ஒரே பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆக, தான் எங்கே இருக்கிறது என்று இந்தத் திரைக்குச் சில மீட்டர் பிசகாமல் தெரியும். ஓட்டுகிறவரின் கை எங்கே இருக்கிறது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

நம் கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம். திரை இடக்கைப் பக்கம். கியர் போடுவதும் இடது கை, ஹேண்ட் பிரேக்கும் இடது கை, திரையைத் தொடுவதும் அதே கைதான். பேனா பிடிக்காத, சாப்பிடப் பழகாத கை. ஓடும் வண்டியில் அந்தக் கையை அந்தரத்தில் நீட்டி, ஒரு விரல் நகம் அளவுள்ள சதுரத்தைத் தொட வேண்டும். எங்கேயாவது கையை ஊன்றிக்கொண்டாலொழிய விரல் குறி தவறும். நன்றாகச் செய்த கார்களில் திரைக்குக் கீழே ஒரு விளிம்பு இருக்கும், உள்ளங்கை அதில் உட்காரும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஏ.சி.யை இரண்டு டிகிரி குறைக்கக் கண்ணை இரண்டு நொடி திருப்பினால் 44 மீட்டர். ஞாயிறு காலையில் அந்த 44 மீட்டருக்குள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், இளநீர் வண்டி, நடுவே படுத்திருக்கும் மாடு எல்லாம் இருக்கும். 2019 ஜூலை முதல் தயாராகும் கார்கள் எண்பதைத் தாண்டினால் விட்டுவிட்டு பீப் அடிக்கும், நூற்றிருபதைத் தாண்டினால் நிறுத்தாமல் அடிக்கும். கண் சாலையை விட்டு விலகியதற்கு அடிக்கிற பீப் பெரும்பாலான கார்களில் இல்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். காலையில் மாமல்லபுரம் நோக்கித் தெற்கே போகும்போது சூரியன் இடது ஜன்னல் வழியே, கடல் பக்கமிருந்து வரும். மாலையில் சென்னைக்குத் திரும்பும்போது மேற்கு வெயிலும் இடது ஜன்னல் வழியேதான் வரும், இந்தத் தடவை கழியின் மேலிருந்து. போகும்போதும் வரும்போதும் வெளிச்சம் திரையின் மேல் சாய்ந்து விழுகிறது. முட்டுக்காடு பாலத்தில் மறைக்க மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. அப்போது திரையில் வரைபடம் தெரியாது. மதியம் கோவளத்தில் மீன் வறுவல் சாப்பிட்ட விரல்களின் எண்ணெய்த் தடம்தான் தெரியும். கடற்காற்றில் பிசுபிசுத்த ஈர விரலுக்கு இந்தத் தொடுதிரை சரியாகப் படியவும் படியாது, ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது திறக்கும். ஒரு மெல்லிய துணியைக் கதவுப் பையில் போட்டு வைப்பதைத் தவிர எனக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை. இரவில் இதற்கு நேர்மாறு. ஹெட்லைட் போட்டதும் திரை தானாக மங்க வேண்டும். மங்காவிட்டால் செட்டிங்ஸில் யாரோ 'பகல்' என்று பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் ஊரில் இந்தத் திரையை உண்மையில் இயக்குகிற ஆள் ஓட்டுநர் இல்லை. இடது சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவியோ மைத்துனரோ மகளோதான். அவர்களுக்குத் திரை வலது கைப் பக்கம். கண்ணுக்கும் வேறு வேலை இல்லை. கோவளம் சந்திப்பு வரும்போது அந்த சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஏங்க, கேளம்பாக்கம் ரோட்டுல திரும்பி ஓ.எம்.ஆர். வழியா போகச் சொல்லுதுங்க."

"கேட்டுட்டு இருக்கேன், சிவப்பா காட்டுதா?"

"இந்தப் பக்கம் கொஞ்சம் சிவப்பு. அதுல ஆறு நிமிஷம் கம்மிங்கறது."

"ஆறு நிமிஷத்துக்காகக் கடலை விட்டுட்டு டிராஃபிக்ல நிக்கணுமா? நேராவே போவோம்."

இதுதான் சரியான இயக்கம். ஆனால் பல கார்களில் வண்டி நகர்ந்ததும் எழுத்துப் பலகையைப் பூட்டிவிடுகிறார்கள். ஓட்டுகிறவர் தட்டக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விளைவு, பக்கத்தில் சும்மா இருப்பவரும் தட்ட முடியாது. ஊரிலிருக்கும் அத்தை வழி கேட்டுச் சொன்ன கல்யாண மண்டபத்தின் பெயரைப் போட வண்டியை ஓரங்கட்ட வேண்டும். யாரும் ஓரங்கட்டுவதில்லை. கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்கள். 2020 அக்டோபரில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதி, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத விதத்தில், கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. அந்த 'விதம்' எது என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டது. ஏ.சி. துவாரத்தில் மாட்டிய தாங்கியில் வைப்பது ஒரு விதம், தொடை மேல் வைத்துக் குனிந்து பார்ப்பது இன்னொரு விதம், இரண்டும் ஒன்றல்ல.

குரலால் இயக்கலாமே என்பார்கள். 2018-ல் கூகுள் வழிகாட்டி தமிழில் திருப்பம் சொல்ல ஆரம்பித்தபிறகு காது பழகிவிட்டது. ஆனால் நாம் பேசுவதை அது புரிந்துகொள்வது வேறு சங்கதி. சில கார்கள் தமிழ்க் கட்டளை கேட்கின்றன. ஜன்னலைத் திற, ஏ.சி.யைக் குறை என்பதுவரை தகராறு இல்லை. ஊர்ப் பெயர் வந்தால் ஸ்டீயரிங்கின் பொத்தானை அழுத்தி, ஆங்கிலச் செய்தி வாசிப்பாளர் மாதிரி உச்சரிக்க வேண்டியிருக்கிறது.

முட்டுக்காட்டில் நிற்கும் மஞ்சள் போர்டு வேன்களில் இதே வம்சத்தின் இன்னொரு கிளை ஓசையில்லாமல் இருக்கிறது. பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயமான கண்காணிப்புப் பெட்டி. அது அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸோடு இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களையும் கேட்கும். அந்த வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. போட் ஹவுஸ் கழியோடு கலக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே அந்தப் பக்கத்தையும் தொட்டுத்தான் வருகிறது. பெட்டிக்குத் திரை கிடையாது. ஆபத்தில் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் உணரக்கூடிய தனிப் பொத்தான் இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப் மோதிப் பார்ப்பதோடு நிற்கிறது, பொத்தானை எண்ணுவதில்லை. ஆகவே அந்தச் சோதனையை வாங்குகிறவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஷோரூமில் விற்பனையாளர் திரையில் பாட்டையும் பனோரமாவையும் காட்டி முடித்ததும், ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் ஏ.சி.யைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து கண்ணாடியின் பனியை நீக்கும் பொத்தான், அடுத்து ஒலியைக் குறைக்கும் குமிழ். அவர் சிரிப்பார். கை தேடிக்கொண்டே இருந்தால், பொத்தான் வைத்த வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.